மேடையில் பிரித்த மூட்டை

கள்ளக்குறிச்சியில் சேலம் மெயின் ரோட்டில் கமிஷன் மண்டி வைத்திருக்கும் கொளஞ்சிநாதனிடம் 'வேண்டாம்' என்று சொல்லித் தப்பித்தவர்கள் குறைவு. அவர் அந்தச் சொல்லை மறுப்பாகக் கேட்டதே கிடையாது. எதிராளி வாயைத் திறந்துவிட்டான், இனிமேல் பேசலாம் என்றுதான் எடுத்துக்கொள்வார். உளுந்து கொண்டுவந்த விவசாயி, இந்த விலைக்குக் கட்டாது என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினால் கொளஞ்சி பதறமாட்டார். டீ சொல்லுவார். டீ வருவதற்குள் மழை, மாடு, மகள் கல்யாணம் என்று பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு வரும். கிளாஸ் காலியாகும்போது மூட்டை மண்டிக்குள் இறங்கியிருக்கும். அவருடைய கல்யாணமே அப்படிப் படிந்ததுதான். மனைவி பாரதியின் வீட்டில் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்.

ஆகவே அமலோற்பவம் டீச்சர், தனக்குப் பாராட்டு விழா எல்லாம் வேண்டாம் என்று சொன்னபோது கொளஞ்சிக்கு உற்சாகம்தான் வந்தது.

டீச்சர் திருநாவலூர்ப் பக்கம் ஒரு கூலிக்காரக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, அரசுப் பள்ளி ஆசிரியையாகி, வடக்கனந்தலில் ஒரு வாடகை வீட்டிலேயே காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றவர். புத்தியில் ஒரு குறையும் இல்லாத பிள்ளைக்கு எழுத்து மட்டும் பிடிபடாமல் நழுவும், அதற்கு டிஸ்லெக்சியா என்று ஒரு பெயரும் உண்டு என்பது இந்த வட்டாரத்தில் ஒருவருக்கும் தெரியாத காலத்தில், கோடை விடுமுறையில் சொந்தச் செலவில் சென்னைக்குப் போய் அதைப் படித்துக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அவருக்கு அதே வேலை. மக்கு என்று கடைசி பெஞ்சுக்குத் தள்ளப்பட்டவர்களைத் தேடிப் பிடிப்பார். பெற்றவர்களோடு சண்டை போடுவார். கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகாத நாளில், பிள்ளையையும் அதன் ஆத்தாளையும் விழுப்புரம் வரைக்கும் பஸ்ஸில் கூட்டிப் போய்ப் பரிசோதித்துச் சான்றிதழ் வாங்குவார். பிறகு அந்தச் சான்றிதழோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி, பொதுத்தேர்வில் பிள்ளை சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும் கூடுதல் நேரமும் உத்தரவு வாங்குவார். எல்லாம் சட்டத்தில் இருக்கிற சலுகைதான். ஆனால் சட்டத்தில் இருக்கிற சரக்கு கைக்கு வந்து சேர நடுவில் எத்தனை தரகு என்பது மண்டிக்காரர்களுக்குத் தெரியாதா?

கடைத்தெருவில் அவருக்கு இருந்த மரியாதையும் இந்த வகையில் வந்ததுதான். இரக்கத்தால் வந்தது அல்ல, தொழில் மரியாதை. ஒரு படி உளுந்துக்கு ஒரு பிடி கொசுறு கேட்கக் கூச்சப்படுகிற வாத்தியார்கள் மத்தியில், பரீட்சைக்கே ஒரு மணி நேரம் கொசுறு வாங்கியவர் என்று ஜவுளிக்கடை சின்னராசு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வணிகர் சங்கத்தின் செயலாளர் அவர்.

கொளஞ்சிக்கு டீச்சரிடம் இருந்தது வெறும் மரியாதை மட்டுமல்ல. அவருடைய ஒரே மகன் இளமாறனும் எழுத்து நழுவும் பிள்ளைதான்.

அது தெரிவதற்கு முன்னால் கொளஞ்சி பார்த்த வைத்தியம் வேறு. வசம்பை உரசி நாக்கில் தடவினார். டியூஷன் மாற்றிப் பார்த்தார். பெல்ட்டை எடுத்தார். கடைசியில், வெட்கம் வந்தால் படிப்பு வரும் என்று எவரோ சொன்னதைக் கேட்டு, சாயங்கால நேரத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், தரகர்கள், சரக்கு கொண்டுவந்தவர்கள் எல்லோருக்கும் முன்னால் பையனை மூட்டை மேல் ஏற்றி நிறுத்திப் பேப்பர் படிக்கச் சொன்னார். அவன் திக்கினால் அவர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் அவனுக்கு ரோஷம் வரும் என்பது கணக்கு. ரோஷம் வந்தது. ஒரு நாள் மூட்டையிலிருந்து இறங்கிய பையன் நேராகப் போய் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறிவிட்டான். மலைமேல் கடைசி நிறுத்தத்தில் இறங்கமாட்டேன் என்று சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவனைக் கண்டக்டர், அப்போது அங்கே பள்ளியில் வேலை பார்த்த அமலோற்பவம் டீச்சரிடம் ஒப்படைத்தார்.

மறுநாள் பையனோடு மண்டிக்கு வந்த டீச்சர் உட்காரக்கூட இல்லை.

"தராசு தப்பா காட்டுச்சுன்னா மூட்டையையா அடிப்பீங்க?" என்று கேட்டார்.

கொளஞ்சி வாழ்க்கையில் பதில் விலை சொல்ல முடியாமல் நின்றது அன்றைக்குத்தான். அதற்கப்புறமும் பல வருஷம் பையன் அவரிடம் நேராகப் பேசவில்லை. எது கேட்டாலும் அம்மா வழியாகத்தான். டீச்சர்தான் கொஞ்சம் கொஞ்சமாக அந்த முடிச்சை அவிழ்த்தார். சொல்வதை எழுத ஓர் ஆளை வாங்கிக் கொடுத்து அவனைப் பத்தாவது தேற வைத்தார். மேலே படிக்க விருப்பம் இல்லை என்றபோது, அதையும் அப்பாவுக்குப் புரிய வைத்தார். இப்போது இளமாறன் வெள்ளிமலையில் தகரக் கொட்டகை போட்டு, மலைக்காரர்களிடம் சாமையும் புளியும் கடுக்காயும் வாங்கி அப்பா மண்டிக்கு இறக்குகிறான். கொட்டகைக்குப் பின்னாலேயே ஓர் அறையில் தங்கல். வேலை முடிந்ததும் போன் போட்டு, "ப்பா, சாப்ட்டியா?" என்பான். வேறொன்றும் பேச இருக்காது. அந்த ஒரு கேள்வியைக் கொளஞ்சி எந்த விலைக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார்.

சனிக்கிழமைகளில் அந்தக் கொட்டகையில் டீச்சரின் வகுப்பு. ஓய்வு பெற்ற பிறகும் மலைக்குப் பஸ் ஏறி வந்து, எழுத்துத் தடுமாறும் மலைப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார். மணலில் எழுதுவார்கள், களிமண்ணில் உருட்டுவார்கள், பாடுவார்கள். அங்கே இருந்தது ஒரே ஒரு சட்டம். தானாகக் கை தூக்கினால் ஒழிய யாரையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லக்கூடாது. இளமாறன் டீச்சருக்கு ஒத்தாசை. 'எனக்கும் படிக்க வராதுடா, நான் இன்னா செத்தா போய்ட்டேன்?' என்று அவன் சொல்லும்போதுதான் பல பிள்ளைகள் முதல் தடவையாகச் சிரித்தன என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். புதுச்சேரியில் இருக்கும் மகள் ஜூலியா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். முழுப்பரீட்சை முடிந்ததும் போய்விடுவதாக இருந்தார் டீச்சர். அதற்குப் பிறகு வகுப்பை இளமாறன்தான் நடத்துவதாகப் பேச்சு.

போவதற்குள் ஒரு விழா எடுக்காவிட்டால் சங்கத்துக்கு மரியாதையா என்று கொளஞ்சி பேரத்தை ஆரம்பித்தார். சாரட்டு வண்டியில் ஊர்வலம் என்பதில் தொடங்கினார். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார். சாரட்டு போய்க் கார் ஆனது. கார் போனது. கட்அவுட் போனது. ஒரு பிளெக்ஸ், ஒரு மாலை, ஒரு பொன்னாடை என்று இறங்கி வந்தபோது டீச்சர் தன் விலையைச் சொன்னார். மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து முடிவெடுக்கிற ஓர் அதிகாரி மேடைக்கு வர வேண்டும். பரிசோதனைக்காக மலைப் பிள்ளைகள் கூலி வேலையை விட்டுவிட்டு வரும் ஆத்தா அப்பனோடு கீழே இறங்கி அலைகிறார்கள். வருஷத்துக்கு ஒரு முறை வெள்ளிமலையிலேயே முகாம் போட வேண்டும் என்று அவரிடம் நாலு பேர் முன்னால் கேட்க வேண்டும். நாலு பேர் முன்னால் கேட்டால் இல்லை என்று சொல்லச் சங்கடப்படுவார்.

"அதுக்குன்னா வரேன். மால பொன்னாடையெல்லாம் உங்க ஆசைக்கு" என்றார்.

கொளஞ்சி அசந்துபோனார். இந்தம்மா மட்டும் மண்டி வைத்திருந்தால் நாமெல்லாம் கடையைக் கட்டியிருக்க வேண்டும் என்று பாரதியிடம் சொன்னார்.

இளமாறனிடம் பேசியதுதான் அடுத்த பேரம். வாழ்த்துமடலை அவன் படித்தால் எப்படி இருக்கும் என்று போனில் லேசாக ஒரு விலையைப் போட்டுப் பார்த்தார். 

"ப்பா, டீச்சருக்கு நான் மால போடறேன். மைக்ல ரெண்டு வார்த்த பேசறேன். பேப்பர் மட்டும் என் கைல குடுக்காத" என்றான்.

கொளஞ்சி சரி என்றார். அன்றைக்கு அவர் சொன்ன சரி கலப்படமில்லாத சரிதான். அதைப் பின்னால் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பார்!

விழா ஒரு கல்யாண மண்டபத்தில். நல்ல கூட்டம். ஞாயிற்றுக்கிழமை, கடைகளுக்கு விடுமுறை, பின்கட்டில் வடை வேறு. சின்னராசு கடையிலிருந்து வந்த பொன்னாடையின் ஜரிகையைத் தடவிப் பார்த்தவர்கள், போன தீபாவளிக்கு விற்காமல் நின்றது என்று ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். வாழ்த்துமடலைப் புலவர் வெங்கடேசன் எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். புலவர் தமிழுக்குச் சிக்கனம் தெரியாது. முதல் வரியிலேயே நாலைந்து சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கரும்பு லாரி மாதிரி திரும்ப முடியாமல் நின்றன. அதிகாரி நேரத்துக்கே வந்துவிட்டார். சாந்தமான மனிதர். டீச்சர் அவருக்குப் பக்கத்து நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எப்போது தன் முறை வரும் என்று உட்கார்ந்திருந்தார். இளமாறன் இஸ்திரி போட்ட சட்டையில் மேடை ஓரமாக நின்றான்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் வாழ்த்துரை என்று எழுந்திருக்கும் வரை. அவர் டீச்சரைத் தங்கமானவர் என்றார், தாயுள்ளம் என்றார். பிறகு, தங்கள் காலத்தில் இந்த வியாதியெல்லாம் கிடையாது என்றும், ரெண்டு போட்டால் தன்னால் படிப்பு வந்துவிடும் என்றும், டீச்சரம்மா பாவப்பட்டு நாலு பேரைப் பாஸ் பண்ண வைத்துவிட்டார்கள், அதுவும் புண்ணியம்தான் என்றும் சொல்லிச் சிரித்தார். சபையும் சிரித்தது. சிரித்தவர்களில் கொளஞ்சியோடு தினமும் டீ குடிக்கிறவர்கள் இருந்தார்கள். அதிகாரியும், மேடை நாகரிகத்துக்காகத்தான் இருக்கும், உதட்டைக் கொஞ்சம் விரித்தார்.

கொளஞ்சி பார்த்தது அந்த உதட்டைத்தான். வாங்க வந்தவன் முகத்தில் சந்தேகம் தெரிந்தால் மண்டிக்காரன் வாயால் பேசிக்கொண்டிருக்கமாட்டான். குத்தூசியை எடுத்து மூட்டையில் சொருகி இழுத்து, வந்த மணிகளை அவன் உள்ளங்கையில் கொட்டுவான். பார்த்துக்கோ, கடித்துப் பார், அப்புறம் பேசு. நாற்பது வருஷமாகக் கொளஞ்சியின் கை செய்து பழகியது இது. யோசித்துச் செய்வதல்ல. கை தானாகப் போகும்.

போனது. அவர் எழுந்து மைக்கைப் பிடித்தார். டீச்சர் பாவப்பட்டுப் பாஸ் போட்டாரா, பாடுபட்டுப் படிக்க வைத்தாரா என்பதற்குத் தன் வீட்டுப் பிள்ளையே சாட்சி என்றார். வாழ்த்துமடலை இப்போது தன் மகன் இளமாறன் வாசிப்பான் என்றார். கைதட்டல் வந்தது. புலவர் சட்டத்தை நீட்ட, கொளஞ்சி அதை வாங்கி மகன் கையில் வைத்தார்.

இளமாறன் சட்டத்தைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தான்.

"ப்பா," என்றான் மெதுவாக.

"நாலு வரிடா."

அவன் அசையவில்லை.

"சரி, ரெண்டு வரி. சரி வுடு, மேல இருக்கற தலைப்ப மட்டும் படி. அது போதும்."

மைக்கைக் கொளஞ்சி இன்னும் கையிலேயே வைத்திருந்தார். அவர் இறங்கி வந்த ஒவ்வொரு விலையும் மண்டபம் முழுக்கக் கேட்டது. யாரோ பின்வரிசையில் களுக்கென்றார்கள். கொளஞ்சி மைக்கை மகன் வாய்க்கு நேராகக் கொண்டுபோனார்.

இளமாறன் படிக்கப் பார்த்தான். அதைத்தான் கொளஞ்சியால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. மாட்டேன் என்று எறிந்துவிட்டுப் போயிருக்கலாம். அப்பா மானம் போகக்கூடாது என்று படிக்கப் பார்த்தான். முதல் சொல்லின் முதல் துண்டு வந்தது. இன்னொரு முறை அதே துண்டு வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. முன்வரிசையில் இருந்தவர்களுக்கு அந்த மடலின் நகல் கொடுத்திருந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. உதவி செய்வதாக நினைத்து, பள்ளிக்கூடத்தில் செய்கிற மாதிரியே, சொல்லைக் கோரஸாக எடுத்துக் கொடுத்தார்கள். அவன் அதையும் திருப்பிச் சொல்லப் பார்த்தான். எங்கேயோ ஒரு செல்போன் உயர்ந்து நின்றது.

அமலோற்பவம் டீச்சர் எழுந்து வந்து மைக்கின் வாயைத் தன் உள்ளங்கையால் மூடினார். மற்றொரு கையால் சட்டத்தை அவனிடமிருந்து வாங்கி நாற்காலியில் வைத்தார்.

"வா மாறா. டீ குடிக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான். அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மேடையின் பின்படி வழியாக இறங்கிப் போனார். சின்னராசு பொன்னாடையைப் பிரித்து இரண்டு கையிலும் விரித்தபடி, போர்த்த ஆள் இல்லாமல் நின்றார்.

கொளஞ்சி பின்கட்டுக்கு ஓடியபோது வடை வேகும் எண்ணெய்ப் புகையில் டீச்சர் மட்டும்தான் இருந்தார். இளமாறன் பைக்கில் கிளம்பிப் போய்விட்டான் என்று சொன்னார். கொளஞ்சி ஏதோ பேச ஆரம்பித்தார். அந்த ஆள் அப்படிப் பேசினதால்தான், உங்களுக்காகத்தான், என்று.

"இன்னிக்கு நீங்க என்னப் பாராட்டலைங்க. சரக்கு காட்டுனீங்க" என்றார் டீச்சர். குரலில் கோபம்கூட இல்லை. பிறகு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதிகாரி இன்னும் இருக்கிறாரா என்று பார்க்க உள்ளே போனார். அவருக்கு வேறொரு நிகழ்ச்சி இருந்தது, கார் போய்விட்டிருந்தது. அந்த வாரமே மாற்றலாகி வேறு ஊருக்கும் போய்விட்டார்.

அன்றிரவு போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. சரக்கு மட்டும் வழக்கம்போல இறங்கியது. என்ன மூட்டை, எத்தனை மூட்டை என்று டிரைவர் வாயால் சொல்லி அனுப்பியிருந்தான். வீட்டில் எது கேட்க வேண்டுமானாலும் மறுபடியும் பாரதி வழியாகத்தான். பாரதி கணவனிடம் சண்டை போடவில்லை. சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்காராமல் உள்ளே போய்விடுவாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அதற்கு அர்த்தம் தெரியாமலா இருக்கும் கொளஞ்சிக்கு.

இதற்கிடையில் அந்தச் செல்போன் தன் வேலையைக் காட்டிவிட்டது. மண்டிக்காரர் மகனுக்குத் தலைப்பை ஏலம் விடுவதும் மகன் திக்குவதும் வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போனது. அடியில் சிரிப்பு பொம்மைகள். மலைக்கு அது இளமாறன் பைக்குக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கொளஞ்சி வடக்கனந்தலுக்குப் போனார். டீச்சர் வீட்டில் பாதிச் சாமான் மூட்டை கட்டிக் கிடந்தது. கொளஞ்சி மன்னிப்பு கேட்டார். கேட்டுவிட்டு, சங்கத்தில் சொல்லி இதைவிடப் பெரிதாக இன்னொரு விழா எடுத்துவிடலாம் என்றார், புது அதிகாரியைத் தானே போய்ப் பார்க்கிறேன் என்றார், கொட்டகைக்குப் பேன் போட்டுத் தருகிறேன் என்றார். டீச்சர் ஒரு தம்ளரைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மன்னிப்பையும் பேரம் பேசித்தான் வாங்குவீங்களா?" என்றார் கடைசியில்.

சுற்றிய தம்ளரை மூட்டைக்குள் வைத்தார்.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. அவன் அன்னிக்கு கடகடன்னு படிச்சிருந்தா அந்த ஹெட்மாஸ்டர் இன்னா சொல்லியிருப்பாரு? அதான் நல்லா படிக்கிறானே, இவனுக்கு எதுக்கு சலுகைன்னு கேட்டிருப்பாரு. படிக்கல. இப்ப, இவ்ளோ வருஷமா டீச்சர் இன்னா கிழிச்சாங்கன்னு கேக்கறாங்க. எந்தப் பக்கம் லாபம்னு நெனைச்சு மூட்டையப் பிரிச்சீங்க?"

 அந்தக் கணக்கு கொளஞ்சிக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை. இரண்டு பக்கமும் நஷ்டமாகிற ஒரு வியாபாரத்தில், விலை போவது யார் என்று பார்க்காமல் தான் கையை நீட்டிவிட்டதை அந்த வாடகை வீட்டில் உட்கார்ந்துதான் முழுசாகப் பார்த்தார்.

"என்னாண்ட வந்து ஒண்ணும் ஆவப் போறதில்ல. அவன்கிட்ட போங்க" என்றார் டீச்சர். "எத்தையும் எடுத்துக்கினு போவாதீங்க."

போக அவருக்கு இன்னும் இரண்டு வாரம் பிடித்தது. மண்டியில் சரக்கு குறைவாக வருகிற நாள் சனிக்கிழமை. அன்றைக்குத்தான் மலையில் டீச்சரின் வகுப்பு என்பது அவருக்கு நினைவுக்கு வரவில்லை. கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது என்ன சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்தார். எப்படி ஆரம்பித்தாலும் அது மூன்றாவது வாக்கியத்தில் விலையாகிவிட்டது. நீ இத மறந்துட்டா நான் அத செய்யறேன். நீ போன் பண்ணுனா நான் இத வுட்டுர்றேன். வேறு மாதிரி பேச அவருக்குத் தெரியவில்லை.

வெள்ளிமலையில் இறங்கினார். கொட்டகைக்குக் கொஞ்சம் முன்னால், பலா மரத்தடியில் ஒரு சின்னப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். யாருக்காகவோ காத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு கடந்து போனார். கொட்டகைக்குள்ளிருந்து டீச்சர் ஒரு பாட்டைச் சொல்லிக்கொடுக்கும் சத்தமும் பின்பாட்டாகச் சில பிள்ளைகளின் குரலும் வந்தன. முன்பெல்லாம் அந்தச் சத்தம் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் கேட்கும் என்று பாரதி சொல்லியிருக்கிறாள்.

இளமாறன் உள்ளே இல்லை. கொட்டகைக்கு வெளியே, தார்ப்பாயில் காயும் சாமையைக் காலால் தள்ளித் தள்ளிப் பரப்பிக்கொண்டிருந்தான். அப்பாவைப் பார்த்ததும் முகம் மாறவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"சாம இன்னும் ஈரமா கீது. திங்கக்கெழம அனுப்பறேன்" என்றான், வியாபாரியிடம் சொல்கிற மாதிரி.

கொளஞ்சி, அவன் ஏன் உள்ளே டீச்சரோடு இல்லை என்று கேட்டார். அவன் சாமையைப் பரப்பிக்கொண்டே சொன்னான். முதல் சனிக்கிழமை உள்ளே போனானாம். பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லையாம். அவனை ஒரு மாதிரி பாவமாகப் பார்த்தார்களாம். எனக்கும் படிக்க வராது, நான் இன்னா செத்தா போய்ட்டேன் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லப் போனவனுக்கு நாக்கு எழவில்லையாம். அவன் உள்ளே இருந்தால் அவர்களுக்கு அந்த வீடியோதான் ஞாபகம் வருகிறது என்றான். வளர்ந்து இவ்வளவு பெரிய ஆளான பிறகும், டீச்சர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போதும், பெற்ற அப்பனே மேடையில் ஏற்றிப் படிக்கச் சொல்லலாம் என்றால், இந்த ஒரு கொட்டகையில் யாரும் படிக்கச் சொல்லமாட்டார்கள் என்பதைப் பிள்ளைகள் எப்படி நம்புவார்கள்?

"நாலு புள்ளைங்க நின்னுடுச்சு. டீச்சர் போனப்பறம் நான் எடுக்கறதா இருந்துச்சு. இனிமே எங்க" என்றான்.

"மாறா, அன்னிக்கி நான்…"

"வுடுப்பா."

"உனக்கு இன்னா வேணும் சொல்லு. எதுனாலும்."

இளமாறன் காலை நிறுத்தினான். பலா மரத்தின் பக்கம் தாடையால் காட்டினான்.

"அது எழில்மதி. இருசப்பன் பொண்ணு. மூணு வாரமா அங்கதான் வந்து நிக்கிது. உள்ள வராது, வூட்டுக்கும் போவாது. இன்னிக்கி மரத்த வுட்டு பாதி தூரம் வந்துச்சு. அப்போ பஸ் வந்துச்சு. நீ எறங்குன. திரும்பப் போய் நின்னுக்கிச்சு."

கொளஞ்சி மரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அவளுக்கு என்னத் தெரியுமா?"

"உன்ன யாருக்குப்பா தெரியாது" என்றான் மகன். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னான். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சனிக்கெழம இங்க வராத."

கொளஞ்சியின் வாய் திறந்தது. மாதத்தில் ஒரு நாளாவது, அதுவும் வேண்டாமென்றால் வகுப்பு முடிந்த பிறகாவது, தூரமாக நின்று பார்த்துவிட்டாவது என்று அடுக்கடுக்காக நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. மகன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன வரப்போகிறது என்று அவனுக்குத் தெரியும்.

"சரி" என்றார் கொளஞ்சி.

அதற்கு மேல் நிற்கவும் ஒன்றும் இல்லை. அவன் போனைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று வந்திருந்தார். கேட்கவில்லை. டீச்சரைப் பார்க்கவும் உள்ளே எட்டவில்லை. இளமாறன் மறுபடியும் சாமையைத் தள்ள ஆரம்பித்திருந்தான்.

பலா மரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கிட்டே வந்தபோது அந்தப் பெண் மரத்தின் மறுபக்கமாக நகர்ந்துகொண்டு, தலையை மட்டும் நீட்டினாள். பத்து வயது இருக்கலாம். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஜடை. அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"மைக்கு எடுத்துக்கினு வந்துகீறீங்களா?" என்றாள்.

கொளஞ்சி இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அவள் நம்பவில்லை. அவர் சட்டைப் பையையும் பார்த்தாள், அவர் திரும்பி நின்றிருந்தால் முதுகையும் பார்த்திருப்பாள்.

"இல்லம்மா. நான் போறேன். நீ உள்ள போ."

அவள் அசையவில்லை. போகச் சொன்னால் போகிற பெண் இல்லை என்று தெரிந்தது. சொல்வதே பிழை என்பதும் அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் நடந்தார்.  அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் இருக்கிறது என்று டீக்கடையில் சொன்னார்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் அங்கிருந்து மரமும் கொட்டகை வாசலும் நன்றாகத் தெரியும். அப்படியென்றால் அங்கேயிருந்து பார்த்தால் பெஞ்சும் தெரியும். கொளஞ்சி உட்காரவில்லை. கீழ்நோக்கிப் போகும் ரோட்டில், வளைவு வந்து தன் முதுகு மறைகிற வரைக்கும் வேகமாக நடந்தார். அதற்கப்புறமும் நடந்துகொண்டே இருந்தார். எழில்மதி உள்ளே போனாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை.